சவரக்காரர் ஜெயித்த கதை - ஒரு இத்தாலிய ஓப்பராவின் இருநூறு ஆண்டு

1816-ஆம் ஆண்டு பிப்ரவரி 20. ரோம் நகரத்து அர்ஜென்டினா அரங்கில் ஒரு புதிய நகைச்சுவை ஓப்பரா அரங்கேறியது. சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட அந்த நாடகத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜனங்கள் சிரித்தது நாடகத்தைப் பார்த்து அல்ல, நாடகம் போட்டவர்களைப் பார்த்து! விசில், கூச்சல், பூனை மாதிரி மியாவ் சத்தம் என்று ஒரே அமர்க்களம். இசையமைத்த இளைஞர் ஆட்டம் முடிந்ததும் பேசாமல் தன் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

அந்த இளைஞரின் பெயர் ஜோவாக்கினோ ரோஸ்ஸினி. அந்த ஓப்பராதான் 'செவில் நகரத்துச் சவரக்காரர்'. இன்று உலகத்தில் அதிகமாக மேடையேறும் ஓப்பராக்களில் ஒன்று அது. முதல் நாள் மண்ணைக் கவ்விய ஒரு நாடகம் இருநூறு வருடம் தாண்டியும் எப்படி நிற்கிறது? அந்தக் கதை நாடகத்தின் கதையை விடச் சுவாரசியமானது.

முதலில் நாடகத்தின் கதை

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரம். ரொசீனா என்ற பெண் தாய் தகப்பன் இல்லாதவள், சொத்துக்காரி. அவளுக்குக் காப்பாளராக இருக்கும் டாக்டர் பார்த்தலோ கிழவர். அவளையும் அவள் சொத்தையும் சேர்த்தே கட்டிக்கொள்ளத் திட்டம் போட்டு, அவளை வீட்டை விட்டு வெளியே விடாமல் பூட்டி வைத்திருக்கிறார். அல்மாவீவா என்ற பிரபு அவள் மேல் காதல் கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்று பாடுகிறார். தான் பிரபு என்று சொன்னால் பணத்துக்காக விரும்புவாளோ என்று சந்தேகம், அதனால் லிந்தோரோ என்ற ஏழை மாணவனாக வேஷம் போடுகிறார்.

பிரபுவுக்கு யோசனை சொல்ல வருகிறார் ஃபிகாரோ. ஊரில் எல்லா வீட்டுக்கும் போய்வரும் சவரக்காரர். முடி வெட்டுவார், சவரம் செய்வார், காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பார், கல்யாணமும் முடித்து வைப்பார். காசு கொடுத்தால் அவர் மூளை எரிமலை மாதிரி வேலை செய்யும். பிரபு முதலில் குடிகாரச் சிப்பாயாகவும், பிறகு பாட்டு வாத்தியாராகவும் வேஷம் மாற்றி வீட்டுக்குள் நுழைகிறார். கடைசியில் காதலர்கள் தப்பிக்க ஜன்னலில் சாத்திய ஏணியை, ஜாக்கிரதை என்று நினைத்துக் கிழவர் எடுத்துவிடுகிறார். அதனாலேயே அவர்கள் வெளியே போக முடியாமல் உள்ளேயே கல்யாணம் நடந்துவிடுகிறது! அதனால்தான் இந்த நாடகத்துக்கு 'வீணாய்ப்போன முன்ஜாக்கிரதை' என்று இன்னொரு பெயரும் உண்டு.

அதே கதை, வேறு பாட்டு

கதை ரோஸ்ஸினியுடையது அல்ல. பிரான்ஸ் நாட்டின் பொமார்ஷே எழுதிய நாடகம் அது. 1775 பிப்ரவரி 23 அன்று பாரிஸில் அரங்கேறியபோது அதுவும் முதல் நாள் தோல்விதான். ஐந்து அங்கம் இழுத்தடித்த நாடகத்தை பொமார்ஷே உடனே நாலு அங்கமாக வெட்டிச் சுருக்கினார். மூன்றே நாளில், இரண்டாவது ஆட்டத்தில் அதே பாரிஸ் கை தட்டியது. முதல் நாள் அடி வாங்கி மறு ஆட்டத்தில் எழுந்திருப்பது இந்தச் சவரக்காரருக்குப் பிறவியிலேயே வந்த குணம் போலிருக்கிறது.

வெற்றி பெற்ற நாடகத்தை இசையமைப்பாளர்கள் சும்மா விடுவார்களா? ஜொவான்னி பைசியெல்லோ என்ற இத்தாலியர் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினிடம் வேலையில் இருந்தபோது இதை ஓப்பராவாக்கி 1782-இல் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றினார். அது ஐரோப்பா முழுவதும் பரவியது. வியன்னாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் மோட்சார்ட்டும் கவிஞர் தா பொன்தேவும் பொமார்ஷேயின் அடுத்த நாடகமான 'ஃபிகாரோவின் திருமண'த்தை 1786-இல் ஓப்பராவாகச் செய்தார்கள். ஆக, 'சவரக்காரர்' என்றால் பைசியெல்லோ என்று முப்பது வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் மனதில் பதிந்துபோயிருந்தது. அவரும் நேப்பிள்ஸில் உயிரோடுதான் இருந்தார். அந்தக் கதையைத் தொட ஒரு துணிச்சல் வேண்டும்.

நானூறு ஸ்குதி

அப்போது ரோம் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. ஆண்டு முழுக்க நாடகம் போட அனுமதி இல்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முன் வரும் கார்னிவல் பருவம்தான் அரங்குகளுக்கு அறுவடைக் காலம். அர்ஜென்டினா அரங்கின் உரிமையாளர் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா செசரீனி 1815 டிசம்பர் 15 அன்று ரோஸ்ஸினியுடன் ஒப்பந்தம் போட்டார். எந்தக் கதை என்று கூட அன்றைக்கு முடிவாகவில்லை. கிடைக்கும் கதைக்கு இசையமைக்க வேண்டும், பாடகர்களின் குரலுக்குத் தகுந்தாற்போல் மாற்றிக் கொடுக்க வேண்டும், முதல் மூன்று ஆட்டத்துக்கும் அரங்கில் இருந்து இசையை நடத்த வேண்டும். இதற்கெல்லாம் கூலி 400 ஸ்குதி. ஸ்குதி என்பது அன்றைய ரோம் நாணயம்.

இதே நாடகத்தில் பிரபு வேஷம் கட்டிய ஸ்பானியப் பாடகர் மனுவேல் கார்சியாவுக்கு 1200 ஸ்குதி. அதாவது இசையமைத்தவருக்கு மூன்று பங்கு! அன்றைய இத்தாலியில் ஓப்பரா என்றால் பாடகர்தான் ராஜா. இசையமைப்பாளர் ஒரு முறை கூலி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பிறகு அந்த ஓப்பரா நூறு ஊரில் ஓடினாலும் அவருக்கு ஒரு செப்புக்காசு வராது. காப்புரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் ஏன் வருடத்துக்கு நாலைந்து ஓப்பரா எழுதித் தள்ளினார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எழுதினால்தான் சோறு.

கதையைப் பாட்டாக எழுதும் வேலை செசாரே ஸ்தெர்பீனியிடம் போனது. பதின்மூன்று நாளில் இசையமைத்து முடித்ததாக ரோஸ்ஸினி பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். சரியான கணக்கு எதுவானாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வாய்ப்பில்லை. அறுநூறு பக்கம் அளவுக்குக் கையெழுத்துப் பிரதி! இவ்வளவு அவசரத்தில் முன்னுரை இசையைப் புதிதாக எழுத நேரம் இல்லை போலும். 1813-இல் மிலானில் போட்ட 'அவுரெலியானோ' ஓப்பராவிலும், 1815-இல் நேப்பிள்ஸில் போட்ட 'எலிசபெத்தா' ஓப்பராவிலும் பயன்பட்ட அதே முன்னுரை இசை மூன்றாவது முறையாக இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவை இரண்டும் ராஜா ராணி கதைகள். இன்று அந்த இசையைக் கேட்டால் சவரக்கத்தியும் சோப்பு நுரையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

பைசியெல்லோவைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னேற்பாடும் நடந்தது. ஓப்பராவின் பெயரையே 'அல்மாவீவா' என்று மாற்றினார்கள். பைசியெல்லோவின் மேல் உள்ள மரியாதையைச் சொல்லி ஒரு அறிவிப்பையும் பாட்டுப் புத்தகத்தில் அச்சடித்தார்கள். பெரியவருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கியதாகவும் ரோஸ்ஸினி சொல்வதுண்டு. ஆனால் முன்ஜாக்கிரதை வீணாய்ப் போவதைப் பற்றிய நாடகம்தானே இது!

அந்த ஒரு இரவு

சோதனை முதல் நாளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அரங்கேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பிரபு ஸ்ஃபோர்ஸா செசரீனி திடீரென்று இறந்துபோனார். ஆனாலும் கார்னிவல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு வாரம் போனால் தவக்காலம். ஆட்டம் நடந்தே ஆக வேண்டும்.

ரொசீனாவாகப் பாடியவர் ஜெல்த்ரூதே ரிகெத்தி ஜோர்ஜி. ரோஸ்ஸினியின் சிறு வயது சிநேகிதி. 1823-இல் அவர் எழுதி வெளியிட்ட நினைவுக் குறிப்பும், பிறகு வாய்வழியாக வந்த கதைகளும் சேர்ந்துதான் அந்த இரவின் சித்திரத்தை நமக்குக் கொடுக்கின்றன. ரோஸ்ஸினி தங்க நிறப் பொத்தான் வைத்த பழுப்புக் கோட்டு அணிந்து வந்து உட்கார்ந்ததுமே கேலி ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று பாட வேண்டிய கார்சியாவின் கித்தார் சுருதி சேரவில்லை. மேடையிலேயே முறுக்கேற்றப் போய்த் தந்தி அறுந்துவிட்டது. பாட்டு வாத்தியார் பசீலியோவாக நடித்தவர் நுழையும்போதே தடுக்கி விழுந்து மூக்கில் ரத்தம். அவர் துடைத்துக்கொண்டே பாட, ஜனங்கள் இதுவும் நாடகம் என்று நினைத்துச் சிரித்தார்கள். முதல் அங்கத்தின் முடிவில் எங்கிருந்தோ ஒரு பூனை மேடைக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் விரட்ட, அது இன்னொருவர் பக்கம் ஓட, அரங்கம் முழுக்க மியாவ் மியாவ்!

இதற்கு நடுவே ரோஸ்ஸினி எழுந்து நின்று பாடகர்களைப் பார்த்துக் கை தட்டினார். எங்கள் தீர்ப்பை அலட்சியம் செய்கிறானா என்று ஜனங்களுக்கு இன்னும் கோபம். இரண்டாம் அங்கம் யார் காதிலும் விழவில்லை. பைசியெல்லோவின் அபிமானிகள் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்வோர் உண்டு. போட்டி அரங்கின் ஆட்கள் என்பாரும் உண்டு. எதுவானாலும் அர்ஜென்டினா அரங்கு இருப்பது ஜூலியஸ் சீசர் கத்திக்குத்து வாங்கிய இடத்துக்குப் பக்கத்தில் என்பதை நினைத்தால், ரோஸ்ஸினி விசிலோடு தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஆறுதல் சொல்லலாம் என்று ரிகெத்தி ஜோர்ஜி அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். அவரோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். வயது 23. பிப்ரவரி 29-இல் பிறந்தவர் என்பதால், இன்னும் ஒன்பது நாளில்தான் அவருக்கு ஐந்தாவது பிறந்தநாளே வரப்போகிறது!

மறுநாள்

மூன்று ஆட்டத்துக்கும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், இரண்டாம் நாள் உடம்பு சரியில்லை என்று ரோஸ்ஸினி அறையிலேயே இருந்துவிட்டார். அன்றைக்குக் கூச்சல் போடுபவர்கள் குறைவு. ஜனங்கள் முதல் முறையாக உண்மையில் இசையைக் கேட்டார்கள். கேட்டதும் பிடித்துப்போயிற்று. நடுராத்திரி தீப்பந்தத்தோடு ஒரு கூட்டம் அவர் வாசலுக்கு வந்ததாகவும், வீட்டைக் கொளுத்த வந்துவிட்டார்கள் என்று பயந்து அவர் குதிரைக் கொட்டகையில் ஒளிந்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. வந்தவர்கள் வாழ்த்த வந்தவர்கள்.

இருபத்துநாலு மணி நேரத்தில் இசையில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. மாறியது கேட்பவர்களின் காது. முதல் நாள் அவர்கள் பைசியெல்லோவை மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று வந்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 5 அன்று பைசியெல்லோ காலமானார். ஆகஸ்டு மாதம் போலோஞா நகரில் ஓப்பரா மறுபடி மேடையேறியபோது 'அல்மாவீவா' என்ற முகமூடி தேவைப்படவில்லை. 'செவில் நகரத்துச் சவரக்காரர்' என்ற சொந்தப் பெயரிலேயே வந்தது.

கடல் தாண்டிய குடும்பம்

1818 மார்ச் 10 அன்று லண்டன். 1819 அக்டோபரில் பாரிஸ். பாரிஸில் ரோஸ்ஸினியை மட்டம் தட்டுவதற்காகப் பைசியெல்லோவின் பழைய ஓப்பராவை எடுத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். விளைவு தலைகீழானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட ஜனங்கள் பழையது இப்போது வெளிறிப்போய்த் தெரிகிறது என்று புதியதின் பக்கம் சாய்ந்தார்கள். 1822-இல் வியன்னாவில் பேத்தோவனைச் சந்தித்தபோது, இந்த ஓப்பராவை அவர் மனமாரப் பாராட்டியதாக ரோஸ்ஸினியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் விட அழகானது 1825 நவம்பர் 29. நியூயார்க்கின் பார்க் அரங்கில் அன்றைக்கு இந்த ஓப்பரா இத்தாலிய மொழியிலேயே பாடப்பட்டது. அமெரிக்கா அதற்கு முன் ஆங்கில மொழிபெயர்ப்பில் கேட்டிருந்தது. ஒரு முழு ஓப்பராவை இத்தாலியிலேயே அந்நகரம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொண்டுபோனவர் யார்? ரோமில் தந்தி அறுந்து அவமானப்பட்ட அதே மனுவேல் கார்சியா! பிரபுவாக அவர், ரொசீனாவாகப் பதினேழு வயது மகள் மரியா, ஃபிகாரோவாக மகன் மனுவேல், வேலைக்காரி பெர்த்தாவாக மனைவி. ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு ஓப்பரா.

அன்றைக்கு நியூயார்க்கில் இத்தாலிய மொழி சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு எழுபத்தாறு வயது முதியவருக்குக் கார்சியாவின் வரவு பெரிய ஆனந்தம். அவர்தான் மோட்சார்ட்டுக்கு 'ஃபிகாரோவின் திருமணம்' எழுதிக் கொடுத்த தா பொன்தே! கடன், ஊர்விட்டு ஊர் என்று அலைந்து அமெரிக்கா வரை வந்துவிட்டவர். அவர் உருவாக்கிய ஃபிகாரோவின் இளமைக் கதை, அவரைத் தேடிக் கடல் கடந்து வந்தது போல ஆயிற்று.

மகள் மரியா பின்னாளில் மாலிப்ரான் என்ற பெயரில் ஐரோப்பாவையே கலக்கி, குதிரையிலிருந்து விழுந்ததன் விளைவாக 28 வயதில் இறந்துபோனார். மகன் மனுவேல் பாட்டு ஆசிரியராகி, கண்ணாடியை வைத்துக் குரல்வளையைப் பார்க்கும் முறையை 1850-களில் கண்டுபிடித்து மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தார். நியூயார்க் பயணத்தின்போது நாலு வயதுக் குழந்தையாக இருந்த கடைசி மகள் பொலீன் வியார்தோ, 1843-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ரொசீனாவாகப் பாடினார். அவரைக் கேட்டு மயங்கிய ஒரு ரஷ்ய இளைஞர் வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பத்தின் நிழலிலேயே வாழ்ந்தார். அவர்தான் எழுத்தாளர் துர்கனேவ்.

ரொசீனா யார் குரல்?

வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. ரோஸ்ஸினி ரொசீனாவை அடங்கிய, கனத்த பெண்குரலுக்காக எழுதினார். உள்ளுக்குள் அழுத்தமான பெண் அவள். சாதுவாக இருப்பேன், சீண்டினால் பாம்பாவேன் என்பது அவள் சுபாவம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழின் உச்சியில் இருந்தவர்கள் உச்சக்குரல் பாடகிகள். அவர்களுக்காகப் பாட்டின் சுருதியை ஏற்றினார்கள். அதன் மேல் பிருகாக்களை அள்ளிக் கொட்டினார்கள். அடெலீனா பாட்டி என்ற பெரும் பாடகி ரோஸ்ஸினியின் எதிரிலேயே அப்படிப் பாடியபோது, நன்றாக இருக்கிறது, இது யார் எழுதிய பாட்டு என்று அவர் கேட்டதாக ஒரு கதை பிரசித்தம்.

பாட்டு வகுப்புக் காட்சி இன்னும் மோசம். அங்கே ரொசீனா ஒரு பாட்டுப் பாட வேண்டும். எந்தப் பாட்டு என்பதைப் பாடகிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். வியார்தோ ரஷ்யாவில் ரஷ்யப் பாட்டான 'குயில் பாட்டை'ப் பாடிக் கைதட்டு வாங்கினார். பார்த்தலோவின் பெரிய பாட்டு கஷ்டமாக இருக்கிறது என்று 1816-லேயே ஃப்ளாரன்ஸில் பியெத்ரோ ரொமானி என்பவர் எழுதிய வேறு பாட்டைச் செருகினார்கள். அது பல தலைமுறைகளுக்கு அங்கேயே குடியிருந்தது! பிரபு கடைசியில் பாட வேண்டிய நீண்ட பாட்டு கார்சியா போன்ற அசுரக் குரலுக்காக எழுதப்பட்டது. மற்றவர்களால் முடியாததால் வெட்டிவிட்டார்கள். ரோஸ்ஸினியும் லேசுப்பட்டவர் அல்ல. அந்த மெட்டின் ஒரு பகுதியை 1817-இல் 'சிண்ட்ரெல்லா' ஓப்பராவின் முடிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒட்டும் வெட்டுமாக நூறு வருடம் ஓடியதில், ஜனங்கள் கேட்டது எது, ரோஸ்ஸினி எழுதியது எது என்பதே மறந்துபோயிற்று. 1920-களில் ஸ்பானியப் பாடகி கொன்சிதா சுபெர்வியா ரொசீனாவை மறுபடி கனத்த குரலில் பாடிக் காட்டினார். 1969-இல் இசை நடத்துநர் அல்பெர்த்தோ ஜெட்டா கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, பிற்காலத்தில் யார் யாரோ சேர்த்த வாத்தியங்களையும் பிழைகளையும் களைந்து செம்பதிப்பு வெளியிட்டார். கிளாடியோ அப்பாதோ மிலான் லா ஸ்காலா அரங்கில் அந்தப் பதிப்பை நடத்தினார். பழைய ஓவியத்தின் மேல் படிந்த புகையைத் துடைத்தது போல, ஒல்லியான, துள்ளலான ஒரு இசை வெளியே வந்தது. வெட்டப்பட்ட பிரபுவின் பாட்டையும் ராக்வெல் பிளேக், பிறகு ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ் போன்றவர்கள் மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

விபத்துகள் விடுவதில்லை

மேடை விபத்து மட்டும் இந்த ஓப்பராவை விட்டுப் போகவில்லை. 2009 ஜூலை 4 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ரொசீனாவாகப் பாடிக்கொண்டிருந்த ஜாய்ஸ் டிடோனாட்டோ வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஊன்றுகோலோடு முழு ஆட்டத்தையும் முடித்தார். அடுத்த ஆட்டங்களில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். 1816-இல் விழுந்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள், 2009-இல் விழுந்தவருக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

2020 டிசம்பரில் கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்தபோது, ரோம் ஓப்பரா அரங்கு காலி நாற்காலிகளுக்கு நடுவே இதைப் படமாக்கித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. ரோம் நகரத்தில் விசிலடிக்க ஒரு ஆள் கூட இல்லாமல் நடந்த அரங்கேற்றம்!

கணக்கு நேராகிறது

இந்தக் கதையில் பலரும் தவறவிடும் ஒரு பக்கம் உண்டு. 1868-இல் கொஸ்தான்தீனோ தல்லார்ஜினே என்ற இருபத்தாறு வயது இளைஞர், ஸ்தெர்பீனியின் அதே பாட்டு வரிகளை எடுத்துப் புதிதாக இசையமைத்தார். பாரிஸில் இருந்த முதியவர் ரோஸ்ஸினிக்கு அதை மரியாதையோடு காணிக்கையாக்கிக் கடிதமும் எழுதினார். ரோஸ்ஸினி கோபப்படவில்லை. நானும் பைசியெல்லோவுக்குப் பிறகு எழுதியவன்தானே என்ற தோரணையில் அன்பாகப் பதில் போட்டார்.

நவம்பர் 11 அன்று போலோஞாவில் புதிய 'சவரக்காரர்' அரங்கேறித் தோற்றது. இரண்டே நாளில், நவம்பர் 13 அன்று, ரோஸ்ஸினி பாரிஸின் பாஸி பகுதியில் காலமானார்.

தல்லார்ஜினேயின் ஓப்பராவை இன்று யாரும் பாடுவதில்லை. பைசியெல்லோவுடையது எப்போதாவது பாடப்படுகிறது. மூன்று பேரும் எடுத்தது ஒரே கதை, மூன்று பேருக்கும் அதில் சொந்தம் கொண்டாட உரிமை இல்லை. எடுத்தவன் குற்றவாளியா கலைஞனா என்பதை முதல் நாள் கூட்டம் தீர்மானிக்கவில்லை. மறுபடியும் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள்தான் தீர்மானித்தார்கள். 1816-இல் ரோம் நகரத்து ஜனங்கள் இரண்டாம் நாளும் அரங்குக்கு வந்தார்கள். அந்த ஒரு காரியத்துக்காக, முதல் நாள் அடித்த விசிலை மன்னித்துவிடலாம்.